பாப்பா இன்னும் உடுத்தவில்லை

வேட்டியின் ஒரு முனையை அண்ணனின் இடுப்புக்கு அடியில் செருகிவிட்டு, மறுபக்கமாக இழுத்துக்கொள்ளக் கட்டிலைச் சுற்றி வந்தபோதுதான் அவள் கை அவனுடைய பாதத்தில் பட்டது. சில்லென்று இருந்தது. ஜன்னல் வெயில் நேராகக் கட்டிலின் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. விரிப்பு சூடாக இருந்தது, கட்டிலின் இரும்புக் கம்பிகூடச் சூடாக இருந்தது. பாதம் மட்டும் குழாயடியில் கிடந்த கல் மாதிரி இருந்தது.

அவள் கையை எடுக்கவில்லை. வெடுக்கென்று எடுத்தால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

"என்ன, கால் அமுக்கி விடறியா?" என்றான் அண்ணன், கண்ணைத் திறக்காமலேயே.

"ஆசீர்வாதம் வாங்கறேன்."

"மொதல்ல ராக்கிக் கயிறு. அப்புறம்தான்... ஆசீர்வாதம். ஏமாத்தப் பாக்காத."

இவ்வளவு பேசுவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. மூக்கில் மாட்டியிருந்த குழாயின் மறுமுனையில் ஆக்சிஜன் இயந்திரம் புஸ்ஸென்று இழுப்பதும் விடுவதுமாக இருந்தது. அந்தச் சத்தம் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து யாரும் சத்தமாக டிவி வைப்பதில்லை. சத்தம் நின்றால் காதில் விழ வேண்டுமே என்று.

பாதத்தைப் பற்றி அவளுக்கு முன்னமே சொல்லியிருந்தார்கள். ஊசி போட வரும் நர்ஸம்மா, போன தடவை கிளம்பும்போது அவளை மட்டும் படிக்கட்டு வரை கூட்டிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னார். "கால் மொதல்ல சில்லுன்னு ஆகும். அப்புறம் முழங்கால் பக்கம் திட்டுத் திட்டா நிறம் மாறும். மூச்சு விட்டு விட்டு வரும். அவங்க வீட்டுக்காரம்மாகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க தைரியமா இருக்கீங்க, அதான் சொல்றேன். பயப்படாதீங்க." சொல்லிவிட்டு நர்ஸம்மா கீழே இறங்கிப் போய்விட்டார். பயம் மட்டும் அவளோடு திரும்ப மேலே ஏறி வந்தது.

அவள் வேட்டியை முழங்காலுக்கு மேல் ஒரு பார்வை பார்க்கும் அளவுக்கு மட்டும் விலக்கினாள். பார்த்தாள். உடனே இழுத்து மூடிக் கரையைக் கணுக்கால் வரை நீவி விட்டாள்.

ஜவுளிக்கடையில் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவதுதான் அவளுடைய வேலை. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பொம்மைகளுக்குப் புடவை மடிப்பு வைப்பது, வேட்டி சுற்றுவது, ஊசி தெரியாமல் குத்துவது. அண்ணன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. பொம்மைக்காரிதான். அசையாத உடம்புக்கு உடுத்துவது அவளுக்குக் கை வந்த காரியம். கையைத் தனியாகக் கழற்றிச் சட்டைக்குள் விட்டு, அப்புறம் தோளில் மாட்டித் திருகிவிடலாம். இன்று அண்ணனின் கையைத் தூக்கிச் சட்டைக்குள் விட்டபோது, கழற்றி எடுத்த கை மாதிரியே அது கனமில்லாமல் வந்தது.

இந்த நாளை அவர்கள் வீட்டில் ஆரம்பித்து வைத்ததே அவள்தான். சின்ன வயசில் பக்கத்து வீட்டுப் பெண் தன் அண்ணனுக்குக் கையில் கயிறு கட்டிவிட்டு, பதிலுக்குப் பெரிய சாக்லேட் வாங்கியதைப் பார்த்துவிட்டு வந்து, எனக்கும் வேண்டும் என்று உருண்டு புரண்டாள். சாக்லேட்டுக்காகக் கட்டியது, வருஷா வருஷம் தவறாமல் வந்து, கல்யாணம் காட்சி ஆனபிறகு குடும்பத்துக்கே பண்டிகையாகிவிட்டது. ஒரே நிறத்தில் எல்லோருக்கும் பட்டு. நிறத்தை அவள்தான் முடிவு செய்வாள், அவள்தான் ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்து உடுத்திவிடுவாள். இந்த வருஷம் கத்தரிப்பூ நிறம். அண்ணனுக்கு வேட்டிக் கரையிலும் சட்டையிலும் அதே நிறம்.

ஆஸ்பத்திரியில், இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிய பிறகு, இந்த வருஷம் எதுவும் வேண்டாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அண்ணன் விடவில்லை. போன வாரம் எல்லோரையும் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்துக்கொண்டு சொன்னான். "யாரும் நைட்டியோட, தூங்கி வழிஞ்ச மூஞ்சியோட என் முன்னாடி நிக்கக் கூடாது. எல்லாரும் ஜம்முனு உடுத்தணும். எம் பொண்ணு பட்டுப் பாவாடை தாவணியில ஒரு தடவை வந்து நின்னா போதும். பாத்துட்டு நிம்மதியா கண்ண மூடிடுவேன்."

வேடிக்கையாகத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்த அவன் மகள், தண்ணீர் எடுக்காமலேயே அதை மெதுவாகச் சாத்தினாள். கல்லூரி முதல் வருஷம் படிக்கிறாள். ஆனாலும் எல்லோருக்கும் பாப்பாதான்.

"மேல் பட்டன் வேணாம். கழுத்தப் புடிக்குது," என்றான் அண்ணன்.

"சரி."

"மாப்பிள்ள எங்க?"

"பால் வாங்கப் போயிருக்காரு."

"மறுபடியுமா?" அவன் உதடு கோணியது. "வீட்ல மாடு கட்டுன மாதிரி... பாலா நிக்கும் போல."

அவளுடைய கணவர் நல்ல ஆகிருதியான மனிதர். லாரி ஓட்டுகிறவர். காலையில் வந்ததிலிருந்து, பட்டு வேட்டிக்கு மேல் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். கட்டில் இருக்கும் அறையின் நிலைப்படி வரை வருவார், "மச்சான், எப்படி இருக்கீங்க" என்பார், பதில் வருவதற்குள் எதையாவது வாங்க வேண்டியது ஞாபகம் வந்துவிடும்.

சமையலறையில் அண்ணி புடவையைப் பாதி சுற்றிக்கொண்டு, இன்னொரு பாதியைக் கையில் பிடித்தபடி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பு எரியவில்லை.

"குடுங்க அண்ணி, நான் மடிப்பு வெக்கறேன்."

அவள் தரையில் மண்டியிட்டுக் கொசுவத்தின் கீழ் ஓரத்தை இழுத்துச் சமமாக்கினாள். அண்ணியின் வயிறு மேலும் கீழும் ஏறி இறங்குவது நெற்றிக்கு நேராகத் தெரிந்தது.

"விடியக்காலைல அவருக்கு சாக்ஸ் போட்டு விட்டேன்," என்றாள் அண்ணி. "இருக்கா, கழட்டிட்டாரா?"

அவள் கை மடிப்பிலேயே நின்றது. அண்ணன் எந்தக் குளிருக்கும் சாக்ஸ் போடுகிறவன் இல்லை. அண்ணி எதற்காகப் போட்டிருப்பாள் என்பது மண்டியிட்ட இடத்திலிருந்தே புரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பேருமே உடைந்துவிடுவோம் என்று தெரிந்ததால் நிமிரவில்லை.

"கழட்டிட்டாரு அண்ணி. வேட்டிக்கு நல்லா இருக்காதுன்னு."

"சரி," என்றாள் அண்ணி. கொஞ்ச நேரம் கழித்து, "பாப்பா இன்னும் கதவத் திறக்கல. நீயே போய்ப் பாரும்மா. நான் கூப்பிட்டா அழுதுடுவேன்," என்றாள்.

பாப்பாவின் அறைக் கதவு இரண்டு தடவை தட்டியபிறகு திறந்தது. அவள் பழைய டீ-ஷர்ட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். பட்டுப் பாவாடையும் தாவணியும் கடைக் கவர் பிரிக்காமல் மேஜை மேல் கிடந்தன.

"எந்திரி பாப்பா. நேரமாச்சு."

"நான் உடுத்த மாட்டேன் அத்தை."

"ஏன், நிறம் புடிக்கலையா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

அவள் பாப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் வாயில் நிற்கவில்லை.

"அப்பாவால எதையும் பாதியில விட முடியாது அத்தை. உங்களுக்கே தெரியும். லிஃப்ட் ரிப்பேர் வேல பாதியில நின்னா சாப்பிடக்கூட வீட்டுக்கு வர மாட்டாரு. எத்தன தடவ அம்மா திட்டியிருக்காங்க. நான் இத உடுத்தாம இருந்தா, அவரு காத்திட்டிருப்பாரு. எவ்ளோ நாள் ஆனாலும்." பாப்பா கவரைப் பார்த்தபடியே பேசினாள். "இன்னிக்கு உடுத்தல. நாளைக்கும் உடுத்த மாட்டேன். நீங்க அவர்கிட்ட அளவு சரியில்லன்னு சொல்லிடுங்க. தைக்கக் குடுத்திருக்குன்னு சொல்லுங்க."

முட்டாள்தனம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தன் கைப்பையில் காலையிலிருந்து பிரிக்காமல் கிடக்கும் கயிறு அவளுக்கு ஞாபகம் வந்தது. வழக்கமாக வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை அதுதான். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கட்டிவிடுவாள். இன்று முதலில் வேட்டி கட்டிவிடலாம் என்றாள், அப்புறம் சட்டை, அப்புறம் அண்ணியின் புடவை, அப்புறம் பாப்பா.

"நானும் இன்னும் கயிறு கட்டல பாப்பா," என்றாள்.

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். அவளும் பார்த்தாள். ஒருவர் முகத்தில் இருந்ததை இன்னொருவர் பார்த்து இன்னும் கொஞ்சம் பயந்துபோனார்கள்.

"பொம்மைக்காரி..."

அண்ணனின் குரல். அப்புறம் ஏதோ கீழே விழுந்து உருண்ட சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

அவள் ஓடினாள். கூடத்தின் நீளம் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. உள்ளே அண்ணன் தலையணையில் சாய்ந்து, தரையில் உருண்டு கிடந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கை நழுவிடுச்சு. அதுக்கு ஏண்டி... பேயப் பாத்த மாதிரி நிக்கற?"

அவள் டம்ளரை எடுத்தாள். துணி எடுத்து ஈரத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"பாப்பா எங்க?"

"தாவணி மடிப்பு சரியா நிக்கல. ஊசி குத்திட்டு இருக்கா."

"பொய்." அவன் மூச்சுக்காகக் காத்திருந்தான். "நான் அன்னிக்குச் சொன்னது... அவளுக்கு பயத்தக் குடுத்துடுச்சு. இல்ல?"

அவள் ஈரத் துணியை மடித்து வைத்தாள்.

"கதவச் சாத்து."

முழுதாகச் சாத்த அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஒருக்களித்து வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துப் பேசினான்.

"லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் என்கிட்ட ஒண்ணுதான் கேப்பாங்க. கயிறு அறுந்துட்டா என்ன ஆகும்னு. நான் சொல்லுவேன்... அறுந்தாலும் கீழ போகாது, பிரேக்கு வந்து புடிச்சுக்கும்னு. நெஜம் அது. நானே புடிச்சுப் பாத்திருக்கேன்." இயந்திரம் புஸ்ஸென்றது. "இதுல என்ன வந்து புடிக்கும்? ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. டாக்டர்கிட்ட கேட்டேன். ரெஸ்ட் எடுங்கன்னாரு."

"அண்ணா..."

"எனக்கு பயமா இருக்குடி."

வாழ்நாளில் அவன் அவளிடம் சொல்லாத வார்த்தை அது. சின்ன வயசில் இருட்டான படிக்கட்டில் அவளுக்கு முன்னால் போனவன் அவன். அவள் எதையாவது சொல்லிச் சமாளிக்கப் பார்த்தாள். எனக்கும்தான் அண்ணா என்பது மட்டும்தான் வந்தது. அதையும் சத்தமில்லாமல்தான் சொன்னாள். சட்டையின் மேல் பட்டனைப் போட்டாள், போட வேண்டாம் என்று சொன்னது ஞாபகம் வந்து கழற்றினாள்.

அவன் கையை விரிப்பின் மேல் மல்லாக்கத் திருப்பி வைத்தான். "கட்டு."

அவளுக்கு முடிச்சு விழவில்லை. எத்தனையோ பொம்மைகளுக்கு எத்தனையோ நாடா கட்டிய விரல்கள் ஒரு சின்னக் கயிற்றை வைத்துக்கொண்டு திணறின. எப்போதும் அந்த மணிக்கட்டில் கிரீஸ் வாசனை வரும், சோப்புப் போட்டாலும் போகாது. இப்போது மருந்து வாசனை மட்டும்தான். ஒரு வழியாக முடிச்சு விழுந்தபோது நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண் திறந்திருந்தது. மார்பு ஏறி இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை.

ஒருக்களித்த கதவுக்கு அந்தப் பக்கம் டீ-ஷர்ட் தெரிந்தது.

"உள்ள வா," என்றான் அண்ணன்.

பாப்பா வந்து கால்மாட்டில் நின்றாள். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ, முகம் வெளுத்திருந்தது.

"கண்ண மூடிடுவேன்னு சொன்னது வெளயாட்டுக்கு. நான் சொன்னா உடனே கேக்கற உடம்பா இது? ஒரு வருஷமா இருமாதன்னு சொல்றேன்... கேக்குதா?"

பாப்பா டீ-ஷர்ட்டின் ஓரத்தைத் திருகினாள்.

"போய் உடுத்திட்டு வா. மூட மாட்டேன். இமைக்கக்கூட மாட்டேன். பந்தயம்."

அவள்தான் பாப்பாவுக்கு உடுத்திவிட்டாள். கடைக் கவரைப் பிரித்தாள், பாவாடை நாடாவை முடிந்தாள், தாவணியின் தலைப்பை இடுப்பில் செருகினாள். கூடத்தைத் தாண்டும்போது பாப்பா அத்தையின் முழங்கையை வலிக்கும் அளவுக்குப் பற்றிக்கொண்டாள். அண்ணியும் வந்து சேர்ந்துகொண்டாள். பால் பாக்கெட்டோடு திரும்பியிருந்த கணவர் நிலைப்படிக்கு வெளியில் நின்றார். யாருக்கும் உள்ளே முதல் அடி வைக்க மனம் வரவில்லை.

பாப்பாதான் முதலில் போனாள்.

அண்ணன் விழிகளை உருட்டி அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். புருவம் நெற்றிக்கு ஏறியிருந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு கன்னத்தில் வழிந்தது, அப்போதும் இமைக்கவில்லை. ஆந்தை மாதிரி முழிக்கும் அந்த முகத்தைப் பார்த்துப் பாப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணியும் சிரித்தாள். நிலைப்படியிலிருந்து கணவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நல்லா இருக்கா?" என்றாள் பாப்பா.

"பாவாட ஒரு விரக்கட தூக்கலா இருக்கு," என்றான் அண்ணன். "உங்கத்தைக்கு பொம்மைக்குத்தான் கட்டத் தெரியும். மனுஷனுக்கு வராது." அப்புறம் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரும் மாத்தக் கூடாது," என்றான்.

அதற்குப் பிறகு வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. போட்டோ எடுத்தார்கள். அண்ணி அடுப்பைப் பற்றவைத்தாள். கிடந்த பாலையெல்லாம் காய்ச்சி எல்லோரும் காபி குடித்தார்கள். அண்ணனும் ஒரு கரண்டி வாங்கி நாக்கில் வைத்துக்கொண்டான். நர்ஸம்மா சொன்னதெல்லாம் வேறு யாருக்கோ சொன்னது என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. கால் சில்லென்று ஆனவர்கள் எத்தனை பேர் எழுந்து நடக்கிறார்கள். பசித்தது. வெட்கமாகவும் இருந்தது.

மதியம் மற்றவர்கள் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் அப்புறம் சாப்பிடுவதாகச் சொல்லி அண்ணன் பக்கத்தில் இருந்தாள். அவன் தூங்குகிறானா விழித்திருக்கிறானா என்று சொல்ல முடியாமல் கிடந்தான். எதையாவது பேசிக்கொண்டிருந்தால் அவனுக்குப் பிடிக்கும். கடைக்கதை சொன்னாள்.

"புதுசா ஒரு சூப்பர்வைசர் வந்திருக்கான்ல, நான் லீவு போட்ட அன்னிக்கு அவனே பொம்மைக்கு உடுத்தறேன்னு போயிருக்கான். ரெண்டு பக்கமும் இடது கைய மாட்டி வெச்சுட்டான். நாள் பூரா ரெண்டு இடது கையோட கல்யாணப் பொண்ணு கண்ணாடிக்குள்ள நிக்குது. ஒரு ஆள் கவனிக்கணுமே. அந்தப் புடவைய மூணு பேரு எடுத்துட்டுப் போயிருக்காங்க."

அண்ணனின் உதட்டோரம் அசைந்த மாதிரி இருந்தது. மூச்சு வெளியே போயிற்று.

"நான் போய்ச் சொன்னா, எந்தக் கைன்னு என்னையே திருப்பிக் கேக்கறான்..."

அவள் நிறுத்தினாள். ஏதோ ஒன்று வர வேண்டியது வரவில்லை. கூடத்தில் தட்டில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. இயந்திரம் புஸ்ஸென்று இழுத்தது, விட்டது. அவள் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு அவன் சட்டையின் திறந்த பட்டனையே பார்த்தாள். வந்தது. ஒரு நீளமான மூச்சு, களைத்து வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்கிறவனுடையது மாதிரி. அவள் அடுத்ததற்காகக் காத்திருந்தாள். இயந்திரம் இழுத்தது, விட்டது. இழுத்தது, விட்டது. காத்துக்கொண்டே இருந்தாள்.

பாதத்தின் மேல் வேட்டியை இழுத்து மூடினாள்.

"ஏங்க," என்றாள். "ஏங்க, கொஞ்சம் வாங்க."

எப்படிக் கூப்பிட்டாளோ, அவர் சாப்பிட்ட கையோடு எழுந்து நேரே உள்ளே வந்தார். நிலைப்படியில் நிற்கவில்லை. அண்ணனின் முகத்தைப் பார்த்தார். கையைத் தன் வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு, குனிந்து மூக்கிலிருந்த குழாயை ஒரு குழந்தைக்கு எடுப்பது போல எடுத்தார். அப்புறம் இயந்திரத்தின் பொத்தானை அமுக்கினார்.

சத்தம் நின்றதும் கூடத்தில் கரண்டிச் சத்தமும் நின்றது.

அண்ணி வந்தாள். பாப்பா வந்தாள். நடந்ததெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அண்ணி அழுது ஓய்ந்து கட்டிலின் ஓரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கணவர் தரையில் உட்கார்ந்து மச்சானின் காலை இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டிருந்தார், சூடேற்றுகிறவர் போல. பாப்பா மட்டும் அழவில்லை. சுவரோடு சுவராக நின்றாள்.

"நான் போய் மாத்திக்கட்டுமா அத்தை?"

பாப்பாவே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பா சாயங்காலம் வரைக்கும்னு சொன்னாரு," என்றாள்.

"ஆமா."

"அப்போ வேணாம்."

வந்து பார்த்து உறுதி செய்ய ஒரு டாக்டர் வேண்டும் என்றார் கணவர். தெருக்கோடி கிளினிக்குக்குப் போன் செய்தார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடம், மூன்றாவது மாடி. ஊரில் உள்ளவர்களை எல்லாம் மேலே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த அண்ணன், தன் வீட்டுக்கு மட்டும் கடைசிவரை படியேறித்தான் வந்துகொண்டிருந்தான்.

டாக்டர் இளவயசுக்காரர். இதற்கு முன் இந்த வீட்டுக்கு வந்ததில்லை. மூச்சு வாங்க ஏறி வந்து, திறந்திருந்த வாசலில் நின்றார். கத்தரிப்பூ நிறப் புடவையில் அண்ணி கூடத்துக்கு வந்திருந்தாள். அதே நிறக் கரை போட்ட பட்டு வேட்டியில் கணவர் நின்றார். அதே நிறத்தில் அவள். அதே நிறத்தில் பாவாடை தாவணியோடு பாப்பா. மேஜையில் பாதி சாப்பிட்ட தட்டுகளும் காபி டம்ளர்களும் இருந்தன. டாக்டர் ஒவ்வொருவராகப் பார்த்தார். கையிலிருந்த பையைச் சற்றுப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"சாரிங்க," என்றார் சங்கடமாகச் சிரித்து. "விசேஷத்துல தொந்தரவு பண்ணிட்டேன். வேற வீட்டுக்குப் போகணும், மாடி மாறி வந்துட்டேன் போல."

யாரும் எதுவும் சொல்வதற்குள் அவர் திரும்பி இறங்க ஆரம்பித்துவிட்டார். செருப்புச் சத்தம் ஒரு திருப்பம் கீழே போயிற்று, இன்னொரு திருப்பம் போயிற்று.

பாப்பா பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். அத்தை பின்னாலேயே போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தாள். கத்தரிப்பூ நிறம் படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

"டாக்டர்," என்று பாப்பாவின் குரல் கீழேயிருந்து வந்தது. "இந்த வீடுதான் டாக்டர். வாங்க."

கீழே செருப்புச் சத்தம் நின்றது. அப்புறம் இரண்டு பேருடைய காலடிகள் மெதுவாக மேலே ஏறி வரத் தொடங்கின.